பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

தொழிற்பயிற்சிக்குப் போன முதல் நாள் எனக்கு மேசை இல்லை. அமைப்பை நடத்தும் அக்கா ஒரு சாவியைக் கையில் கொடுத்து, "பின்னால ஸ்டோர் இருக்கு. என்னென்ன கிடக்குன்னு எழுதிக்கிட்டு வாம்மா" என்றார். போய் எழுதினேன். கோணிச்சாக்கு 11, அதில் கிழிந்தவை 4. கயிறு இழுக்கும் வடம் ஒன்று. அஞ்சல் ஓட்டக் கட்டை 5. நாலு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டு. ஐந்து என்ன கணக்கோ! கல்லாகிப்போன சுண்ணாம்பு அரை மூட்டை. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் விளையாட்டு இல்லங்களுக்கான கொடிகள். மஞ்சளை மட்டும் எலி ருசி பார்த்திருந்தது. மூன்று வருஷமாக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லையாம்.

நான் விளையாட்டு நிர்வாகம் படிக்கிறேன். கடைசிப் பருவத்தில் 24 வாரம் தொழிற்பயிற்சி; எங்கள் பேச்சில் 'லத்தேஹான்'. கூட்டாளிகள் எல்லாரும் கோலாலம்பூரில் மாரத்தான் நடத்தும் கம்பெனி, புக்கிட் ஜாலில் பக்கம் ஏதாவது சங்கம் என்று போய்விட்டார்கள். நானும் ஏழு இடத்துக்கு எழுதினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. ஒன்றில் அலவன்ஸ் கிடையாது, இன்னொன்றில் கிடைப்பது அறை வாடகைக்கே போதாது. அப்படித்தான் சொந்த ஊருக்கே, சுங்கை சிப்புட்டுக்கே, வந்து சேர்ந்தேன். நான்கு தோட்டங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் நடத்தும் ஒரு சிறிய பொதுநல அமைப்பு. மோட்டார் பட்டறைக்கு மேல் மாடியில் அலுவலகம். மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்), சாப்பாடு அம்மா கையால். அவர்கள் நிறுத்தி வைத்திருந்த விளையாட்டு விழாவை மறுபடி நடத்துவதுதான் என் வேலை.

பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "சுங்கை சிப்புட்டா? அவசரகாலம் ஆரம்பித்த ஊர்தானே" என்றார். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் அதுதான். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து நாடே 1960 வரை அவசரகாலத்தில் இருந்தது. கொஞ்சம் வயதானவர்கள் என்றால் "துன் சம்பந்தன் தொகுதி" என்பார்கள், இங்கு எம்.பி.யாக இருந்த அந்தக் கால அமைச்சர். எனக்கோ இது ஈடிஎஸ் மின்சார ரயில் நிற்கும் ஊர், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் கெர்தாஸ் கெர்ஜா, அதாவது திட்ட அறிக்கை, எழுதினேன். 23 பக்கம். நோக்கங்கள் மட்டும் ஒன்பது: சமூக ஒற்றுமை, ஆரோக்கியமான வாழ்க்கை முறை, தலைமைத்துவம், இப்படி. செயற்குழு அட்டவணை கலரில். இடர் மதிப்பீடு ஒரு பக்கம். வகுப்பில் இதற்கு 'ஏ' கிடைத்திருக்கும். அக்கா முன்பக்கங்களை விசிறி மாதிரி புரட்டிவிட்டு நேராக வரவுசெலவுப் பக்கத்துக்குப் போனார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"பிள்ளைங்க எப்படி வருவாங்க?"

நான் அதை எழுதவே இல்லை. 240 பிள்ளைகளுக்குச் சட்டை இருந்தது, பதக்கம் இருந்தது, ஆறு கூடாரம், ஒலிபெருக்கி, ஒய்.பி.க்கு (மக்கள் பிரதிநிதிக்கு) மாலை, மாலைக்கு ஒரு தட்டு எல்லாம் இருந்தன. பிள்ளைகள் திடலுக்குத் தாமாகவே முளைத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறேன் போல. நான் டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வளர்ந்தவள். எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நடந்தே போவேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள் 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு பிள்ளை இருக்கிறது, அதன் அப்பாவிடம் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது, அதுவும் விடிகாலை ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா அந்தக் காட்டுக்குள் பிறந்தவர். அப்போது அது காடு இல்லை. கித்தா (ரப்பர்) மரம், லயத்து வரிசை வீடு, கோயில், பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், நடுவில் திடல். விளையாட்டு என்றால் வீட்டு வாசலிலிருந்து இருபது அடி. மாலையில் பந்தடி, ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி, தோற்றால் லோரியில் திரும்பும்போது சண்டை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்தார்கள், ஆட்கள் தாமானுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் இறங்கினார்கள். இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும். ஆனால் எல்லாரும் வெளியே வந்துவிடவில்லை. தோட்டத்துக்கு இருபது, முப்பது குடும்பம் உள்ளேயே இருக்கிறது. நாடு விடுதலையான 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 500-ஐச் சற்றே தாண்டும். திடலுக்கு எண்ணிக்கை யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. அம்மா ஓடிய திடலில் இப்போது செம்பனைக் கன்று நிற்கிறதாம்.

தேதி குறிப்பதிலும் அம்மாதான் என்னைக் காப்பாற்றினார். நான் ஆகஸ்டு மாத ஞாயிறு ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். சமையலறையிலிருந்தே கேட்டார்:

"ஏன்டி, குலை நிறைய விழுற நேரத்துல ஞாயித்துக்கிழமை வச்சா எவன் வருவான்? டபுள் சம்பளம்லா."

ஓய்வு நாளில் வேலைக்குப் போனால் இரட்டைச் சம்பளம். செம்பனை விளைச்சல் உச்சத்தில் இருக்கும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அந்த ஞாயிறுகளை யாரும் விடமாட்டார்கள். விடக் கூடாதுதான், அது பள்ளி திறக்கும்போது காலணி வாங்கும் காசு. பிறகு ஒரு பெரிய காலண்டரைச் சுவரில் மாட்டி அடித்துக்கொண்டே வந்தேன். நோன்பு மாதம் அடி. தைப்பூசம், தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் அடி. பள்ளித் தேர்வு அடி. தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் போகும் அப்பா அம்மாக்களின் சம்பள வாரம் பார்த்து, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தை அடித்தேன். 52 வாரத்தில் மிஞ்சியது மூன்று சனிக்கிழமை. அதில் ஒன்றில் திடல் காலி இல்லை.

நேரமும் அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வரும். அது வராவிட்டால் வெயில் மண்டையைப் பிளக்கும். வானிலைத் துறை மூன்று நாள் தொடர்ந்து 35 பாகைக்கு மேல் போனால் எச்சரிக்கை கொடுக்கிறது. திடலில் நிற்கும் பிள்ளைக்கு அதற்கு முன்பே தலை சுற்றும். ஆகவே காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் பரிசும் கொடுத்து முடிப்பது என்று முடிவானது. இதில் சிக்கல் சிறப்பு விருந்தினர். ஒருவர் ஒன்பதரைக்குத்தான் வர முடியும் என்று அவருடைய ஆள் சொன்னார், அவர் வந்து திறந்து வைத்த பிறகுதான் தொடங்க வேண்டுமாம். அக்கா சிரித்துக்கொண்டே, "திறப்பு விழாவை நடுவுல வச்சிடலாம்" என்றார். ஒன்பதரைக்குத் திறப்பு விழா, அதற்குள் ஆறு போட்டி முடிந்திருக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி காசு. எங்கள் பொருளாளர் அண்ணன் ஓய்வுபெற்ற கிராணி (குமாஸ்தா). ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியைக்கூட அசைக்க முடியாது. நான் ஒரு கம்பெனி போனில் "கண்டிப்பா செய்றோம்" என்று சொன்னதை வரவில் எழுதிக்கொண்டு போனபோது, சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "வாயால சொன்னது வரவு இல்ல பிள்ள" என்றார். அண்ணன் சொன்ன மாதிரியே அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. 60 பெட்டி தண்ணீர் காற்றில் போனது. இன்னொரு பாடமும் அவரிடம்தான் படித்தேன். வருமான வரிச் சட்டத்தில் 44(6) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. அதன்கீழ் அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்கு வரிக்கழிவு. எங்களுக்கு அந்த அனுமதி இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்த ஆயிரக்கணக்கான சின்னச் சங்கங்களில் நாங்களும் ஒன்று. பெரிய கம்பெனிகள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். நான் ஆரம்பத்தில் சுற்றி வளைத்துப் பதில் சொன்னேன். அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு, "இல்லன்னு முதல்லயே சொல்லிடு. அப்புறமும் பேசுறவன்தான் கொடுப்பான்" என்றார். அப்படியே ஆனது. பெரும்பாலும் டவுன் கடைக்காரர்கள்: ஒரு டயர் கடை, ஒரு நகைக்கடை, ஒரு சீன மருந்துக்கடை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சட்டைக்குக் காசு வந்தது. கூடாரத்துக்கு வந்தது, மேடைத் துணிக்கு வந்தது, வெற்றிக் கிண்ணத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். பஸ்ஸுக்கு மட்டும் வரவில்லை. பஸ் ஒன்றுக்கு 400 வெள்ளி, நாலு தோட்டத்துக்கு நாலு, 1,600. ஒவ்வொருவரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "சட்டைன்னா எங்க பேரு முதுகுல வரும்ல?" என்றார்கள். சட்டை 240, ஒன்று 14 வெள்ளி, 3,360. அதில் பாதிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கொண்டுவந்து திருப்பியும் விடலாம். பஸ்ஸின் முதுகிலும் பேர் ஒட்டலாமே என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "பஸ்ஸு நின்ன இடத்துல யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். மறுக்க முடியவில்லை. போட்டோவில் விழாத எதற்கும் பொதுநல வேலையில் காசு புரட்டுவது கஷ்டம்: பஸ், கழிவறை சுத்தம், காப்புறுதி, அலுவலக வாடகை, இவையெல்லாம். ஆனால் இவை இல்லாமல் போட்டோவே கிடையாது. நான்கு மாதமாக என்னை உறுத்துவது இதுதான். கொடுப்பவர்களைத் திட்டவில்லை, நானே என் முதல் கெர்தாஸ் கெர்ஜாவில் சட்டைக்கு இடம் வைத்துவிட்டுப் பஸ்ஸை மறந்தவள்தானே.

பதிவுப் பாரத்திலும் ஒரு தப்பு செய்தேன். பெயர், வயது, பள்ளி, மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை) எண் என்று நான்கு கட்டம். வழக்கமாக எல்லாப் பாரத்திலும் இருப்பதுதான். ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டி பாரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "அவன் வரலம்மா, அவனுக்கு ஓட்டம் பிடிக்காது" என்றார். அந்தப் பையன் அங்கேயே காலில் செருப்பில்லாமல் நாயைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தான். டியூஷன் ஆசிரியை பிறகு தனியாகச் சொன்னார்: பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் எண் இல்லை, எந்தப் பாரம் வந்தாலும் பாட்டிக்குப் பயம். காப்புறுதி முகவரைக் கேட்டேன். பெயரும் பிறந்த தேதியும் போதும் என்றார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு 240 பாரத்தையும் மறுபடி அச்சடித்தேன். பொருளாளர் அண்ணன் காகிதச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாதது அன்று ஒரு நாள்தான்.

இப்போது என் மானம் போன கதை. திடல் கோடு போடுவது.

எங்கள் திடலில் 400 மீட்டர் தடம் போட இடம் இல்லை. புல் மேல் 200 மீட்டர், ஆறு தடம். ஒரு சுற்று ஓட்டத்தில் வெளித்தடத்தில் ஓடுபவர்களை முன்னால் நிறுத்த வேண்டும், வளைவில் அவர்களுக்குத் தூரம் அதிகம் என்பதால். புத்தகத்தில் 400 மீட்டர் தடத்துக்கு இரண்டாம் தடம் 7.04 மீட்டர் முன்னால், மூன்றாவது 14.70 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நம் திடல் பாதி, ஆகவே பாதி போதும் என்று கணக்குப் போட்டேன். 3.52, 7.35... சுண்ணாம்புக் கோடும் அழகாகப் போட்டாயிற்று. பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஒத்திகை ஓட்டம். எல்லாரும் பந்தயம் கட்டும் அளவுக்கு வேகமான ஒரு சிறுமி ஆறாம் தடத்தில் நின்றாள். கடைசியாக வந்தாள். வந்து புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

திடல் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு சார் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தக் காலத்தில் மாவட்டப் போட்டிகளுக்கெல்லாம் கோடு போட்டவர். அவர் என்னைத் திட்டவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு பிஸ்கட் டின் மூடியும் ஒரு பெரிய அண்டாவும் வாங்கிவரச் சொன்னார். மூடியைச் சுற்றி ஒரு கயிறு. பிறகு ஒரு விரல் தள்ளி இன்னொரு கயிறு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து முடிச்சுப் போட்டார். அண்டாவைச் சுற்றியும் அதே மாதிரி. வித்தியாசம் அதே முடிச்சு. "பெரிய வட்டமோ சின்ன வட்டமோ, எவ்வளவு தள்ளிப் போறமோ அதுதான் கணக்கு. தடத்தோட அகலம் 1.22. அதை ரெண்டால பெருக்கி, பையால (π) பெருக்கு." 7.67 வந்தது. புத்தகத்தில் 7.04 தானே என்றேன். உள்ளோரத்தில் உயர்ந்த கட்டு இருக்கும் திடலில் முதல் தடத்தை 30 சென்டிமீட்டர் தள்ளியும் மற்றதை 20 தள்ளியும் அளப்பார்கள், அதனால்தான் குறைகிறது. கட்டு இல்லாத புல் திடலில் எல்லாமே 20, ஆகவே முழு 7.67 என்றார். ஆறாம் தடத்துக்கு 38 மீட்டருக்கு மேல். நான் கொடுத்தது 19-கூட இல்லை. அந்தச் சிறுமியை ஏறக்குறைய 20 மீட்டர் கூடுதலாக ஓடவிட்டிருக்கிறேன்.

அன்று மாலை வரை சாரும் நானும் கயிறும் ஆணியுமாகக் கோட்டை அழித்து அழித்துப் போட்டோம். மூலை மட்டத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றில் முடிச்சிட்டு முக்கோணம் கட்டினார். இடையில் பேச்சு ஓட்டக்காரர்களைப் பற்றி. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம், ராஜாமணி 400 மீட்டரில் தங்கம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆனது. 49 வருஷம். சார் அந்த எண்ணைச் சொல்லும்போது தன் வீட்டு நிலத்தின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் மறுபடி ஓட்டம். ஆறாம் தடத்துச் சிறுமி வளைவையே பாதி தாண்டியவள் மாதிரி முன்னால் நின்றாள். கம்பிவேலிக்கு வெளியே நின்ற ஒரு அப்பா கத்தினார்: "டீச்சர், அந்தப் பிள்ளைய மட்டும் ஏன் அவ்ளோ முன்னுக்கு நிக்க வைக்கிறீங்க? எங்க பிள்ள என்ன இளிச்சவாயா?" நான் டீச்சர் இல்லை. அண்டாவைத் தேடினேன், கேன்டீன் பூட்டியிருந்தது. அவள் இந்த முறை முதலாவதாக வந்தாள், ஒரு முழம் வித்தியாசத்தில். அந்த அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு எழுதியாயிற்று. கட்டை மூன்று வாங்கி எட்டாக்கினேன். மஞ்சள் கொடியை அம்மா தைத்துவிட்டார். சட்டையைப் பாதியாகக் குறைத்து, மற்றப் பிள்ளைகளுக்கு இல்ல நிறத்தில் கைப்பட்டை என்று அக்கா முடிவெடுத்ததில் ஒரு ஆதரவாளர் விலகிக்கொண்டார். டயர் கடைக்காரர், "எனக்குப் பேரு வேணாம், ரெண்டு பஸ்ஸு என் கணக்கு" என்றார். இன்னும் இரண்டு பஸ் பாக்கி. அதற்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கிறோம், பொட்டலம் இரண்டு வெள்ளி, 800 வெள்ளிக்கு எத்தனை பொட்டலம் என்று கணக்குப் போட்டு நீங்களே பாருங்கள், லாபத்தை வைத்து.

நேற்று இரவு பஸ் பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் பிள்ளைகளை எண்ணி ஏற்ற ஒரு பெரியவர் வேண்டும். மிகத் தூரத் தோட்டத்துக்கு, அந்த 14 கிலோமீட்டருக்கு, ஆள் கிடைக்கவில்லை. காலை ஐந்தேகாலுக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும். அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே, "நான் போறேன்" என்றார். லயத்தை இடித்த பிறகு அவர் அங்கே போனதே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டியலைப் பார்த்தார்.

"நாப்பத்திநாலு சீட்டு பஸ்ஸு. பெரட்டுக்களத்துகிட்ட அது திரும்ப இடம் இருக்கான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மணி பத்தேகால் ஆகியிருந்தது. டியூஷன் ஆசிரியைக்குப் போன் போட்டேன்.